நூர்னிசா வைத்திருந்த பட்டியல்

1994 ஆனி மாதத்தில் ஒரு நாள், சுந்தரபாண்டியத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, ராஜபாளையத்தில் வந்து இறங்கினான் சௌந்தரபாண்டியன். வேலைக்கு எழுதிப்போட ஒரு பயோடேட்டா அடிக்க வேண்டியிருந்தது. கேட்ட இடத்தில் எல்லாரும் அய்யூப் கடையைக் கைகாட்டினார்கள். கல்யாணப் பத்திரிகை, மில் நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் என்று கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுக்கிற டி.டி.பி. கடை அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று எல்லாரும் நம்பிய காலம்.

உள்ளே முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, விசைப்பலகையைக் குனிந்தே பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தவர்தான் நூர்னிசா. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். அய்யூப்புக்கு அக்கா மகள். பத்தாம் வகுப்போடு நின்றவர். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவர்.

"பேரு சொல்லுங்க."

"ரா. சௌந்தரபாண்டியன், பி.எஸ்ஸி., கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"பேரைத்தான் கேட்டேன்."

"பி.எஸ்ஸி.யைப் பேரு பக்கத்துலயே போடுங்க. தடிச்ச எழுத்துல."

"பேரை விடத் தடிப்பா வேணுமா, பேரு அளவுக்குத் தடிச்சாப் போதுமா?"

அய்யூப் சிரித்துவிட்டார். சௌந்தரபாண்டியனுக்குக் கோபம் வரவில்லை. அவன் வீட்டில் யார் பேருக்குப் பின்னாலும் எந்த எழுத்தும் இருந்ததில்லை. அவன் அப்பா ராக்கப்பன், கறுப்பு அங்கியோடு மகன் எடுத்துக்கொண்ட போட்டோவைத் தண்ணீர் பாய்ச்சப் போகிற இடத்துக்கெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டியவர். தடித்த எழுத்து அவருக்காகவும்தான்.

ரத்த வகை என்ற இடம் வந்ததும் நூர்னிசாவின் கை நின்றது.

"என்ன குரூப்பு?"

"தெரியாது. அதை விட்ருங்க."

"கம்ப்யூட்டருக்குள்ள என்ன ஓடுதுன்னு படிச்சிட்டு வந்திருக்கீக. ஒங்க ஒடம்புக்குள்ள என்ன ஓடுதுன்னு பாக்கலியா தம்பி?"

ஒரு துண்டுச் சீட்டில் லேப் முகவரியை எழுதிக் கொடுத்து, பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார். பி பாசிடிவ் என்று வந்தது. "பரவாயில்ல, ஊருல நெறையப் பேரு இருக்கீக" என்றபடி அதையும் அடித்து, பயோடேட்டாவை உறையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பயோடேட்டாவில்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. மதுரைக் கம்பெனி ஒன்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் உள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள அவனை சர்வீஸ் இன்ஜினியராகப் போட்டது. மாதா மாதம் அய்யூப் கடைக்கும் போக வேண்டியதாயிற்று. நூர்னிசா அவனுக்கு அக்காவானது அப்படித்தான்.

அவர் ஏன் எல்லாரிடமும் ரத்த வகை கேட்டார் என்பது சௌந்தரபாண்டியனுக்குச் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1990இல் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் தன் ரத்தம் ஓ நெகடிவ் என்று நூர்னிசா அறிந்துகொண்டார். சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னார். அந்த வருடமே தென்காசிப் பக்கமிருந்து வந்த சம்பந்தம் அதனால் தட்டிப்போனது. நெகடிவ் பெண்ணுக்கு முதல் பிள்ளைக்குப் பிறகு தங்காது என்று மாப்பிள்ளையின் அக்கா எங்கோ கேட்டு வைத்திருந்தாள். அதற்கு ஊசி இருக்கிறது, போட்டால் ஒன்றும் ஆகாது என்று நூர்னிசாவுக்கே பிற்பாடுதான் தெரியும். "இனி எவகிட்டயும் வாயத் தொறக்காத" என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அவரை மறக்கவில்லை. பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்த ஒருத்திக்காக ஆள் அனுப்பினார். நூர்னிசா போய்க் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. தன்னைப் போல வாயை மூடிக்கொண்டு எத்தனை பெண்கள் இருப்பார்கள்?

தேட ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், பேண்டேஜ் துணி மடிக்கிற பெண்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சர் டிரெய்னிங் மாணவிகள். ஆண்கள் விஷயத்தில் சிரமமே இல்லை, பெருமையாகச் சொன்னார்கள். பெண்கள்தான் தயங்கினார்கள். அதிலும் நெகடிவ் என்றால் கதவைச் சாத்தினார்கள். பக்கத்துத் தெரு ரஹ்மத்துன்னிசா அப்படித்தான் பயந்தார்.

"ஏட்டி நூரு, நோட்டுல கீட்டுல எழுதிராத. எம் மாமியா கண்ணுல பட்டுச்சு, என்னய வெட்டிப் போட்ரும்."

"நோட்டே கெடையாது மதினி. பொட்டிக்குள்ள போட்ருவேன். இந்தச் சீட்டை ஒங்க கண்ணு முன்னாலயே கிழிச்சிர்றேன், பாருங்க."

அப்படியே கிழித்தார். எல்லார் சீட்டையும் அப்படித்தான். கம்ப்யூட்டர் என்றால் அப்போது பெண்களுக்கு அம்புட்டு நம்பிக்கை. நோட்டை யாரும் புரட்டலாம். பெட்டிக்குள் போனதை யார் பார்க்க முடியும்? சொன்ன வாக்குக்காக நூர்னிசா அந்தப் பட்டியலைக் காகிதத்தில் ஒரு தடவைகூட அச்செடுக்கவில்லை. யாரும் திறந்து பார்க்கத் தோன்றாதபடி அந்தக் கோப்புக்கு 'வடகம்' என்று பெயர் வைத்திருந்தார். அதற்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவன் சௌந்தரபாண்டியன். வெளியே சொல்வதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். 1996 ஐப்பசியில் வடகத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அதில் நெகடிவ் நாற்பத்து மூன்று.

மாதா மாதம் போகும்போது சௌந்தரபாண்டியன் சும்மா போவதில்லை. பாடம் நடத்துவான். "வெளி ஃப்ளாப்பி உள்ளே போடக் கூடாது" என்று அவனே ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டினான்.

"அப்போ சிவகாசியில இருந்து வாற ஃபாண்ட் எப்பிடி வரும்? தந்தியிலயா?" என்றார் அய்யூப்.

"போடுறதுக்கு முன்னாடி வைரஸ் பாக்கணும் மொதலாளி. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"இருக்கும்ப்பா. நீ படிச்சவன், சொல்லுத. எங்களுக்கு நாளைக்கு முகூர்த்தம், பத்திரிகை போகணும்."

நூர்னிசா மட்டும் கேட்டுக்கொண்டார். வடகத்தை ஒரு ஃப்ளாப்பியில் பிரதி எடுத்துப் பீரோவில் வைத்தார். ஒன்றே ஒன்று. அது அந்த வருட மழையில் பூசணம் பிடித்துவிட்டது. தட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. டிரைவில் போட்டால் கறகறவென்று சத்தம்தான் வந்தது.

வேறு பிரதி எடுக்குமுன், கார்த்திகை முதல் வாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலையாக இருந்தவனை அய்யூப் போனில் பிடித்தார். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்ததாம். இது ஒரு பாதி, தொடர ஏதாவதொரு விசையை அழுத்து என்று. நூர்னிசா அழுத்தியிருக்கிறார். பிறகு வழக்கம்போல எல்லாம் ஓடுகிறதாம்.

சௌந்தரபாண்டியன் அரை மணியில் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் நூர்னிசா சொன்னார்: "எல்லாம் தொறக்குது தம்பி. வடகமும் தொறக்குது. எனக்கென்னமோ சரியாப் படல."

அவன் தன் சர்வீஸ் ஃப்ளாப்பிகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தான். "வைரஸ்தான்க்கா. ஹார்ட் டிஸ்க் வட்டுல முதல் இடத்துலயே குந்தியிருக்கு. எடுத்துருவேன்."

"எடுங்க. எடுக்கதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. புது ஃப்ளாப்பி ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லி வச்சிருக்கேன். வேணுங்கிறத எல்லாம் வெளியே எடுத்துக்கிடுதேன். தொறக்கும்போதே எடுத்துரணும் தம்பி."

"என்னக்கா பேசுதீக. சீக்கு வந்த கோழியைப் புதுக் கூட்டுல கொண்டு விடுற கதையால்ல இருக்கு. பிரதி எடுத்தா அதுலயும் ஒட்டிக்கிடும். மொதல்ல மருந்து, பொறவு பிரதி."

"கோழி செத்தாலும் முட்டையாவது மிஞ்சட்டும்னு பாக்கேன்."

"கோழி சாகாது. நான் எதுக்கு இருக்கேன்?"

அய்யூப்புக்கு முகூர்த்த அவசரம். "ஏட்டி, அந்தப் பையன் அதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கான். நீ செத்த தள்ளிக்க."

நூர்னிசா எழுந்து நின்றார். "சரி தம்பி. நீங்க படிச்சவுக" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை என்று பின்னாளில் சௌந்தரபாண்டியன் பலமுறை நினைத்திருக்கிறான்.

பத்து நிமிட வேலை. சுத்தமான ஃப்ளாப்பியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினான். வட்டின் முதல் இடத்தில் இருந்ததை அழித்து, புதிதாக எழுதினான். மறுபடி போட்டால் அந்த இங்கிலீஷ் வரி இல்லை. அய்யூப் டீக்குச் சொல்லி அனுப்பினார். டீ வருவதற்குள் நூர்னிசா நாற்காலியில் உட்கார்ந்து வடகத்தைத் திறந்தார்.

பேரும் இல்லை, ஊரும் இல்லை. சிரித்த முகம், கட்டம், கொக்கி, புள்ளி என்று திரை முழுக்கக் கண்டபடி குறிகள்.

அந்த வைரஸின் சுபாவம் இது: கம்ப்யூட்டரைப் போடும் ஒவ்வொரு தடவையும் வட்டின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டே வரும். தான் உள்ளே இருக்கும் வரை, கேட்கும்போதெல்லாம் தானே திறந்து காட்டும். அதனால் பூட்டியிருப்பது யாருக்கும் தெரியாது. சாவி அதனிடம்தான் இருக்கும். திருடனைத் துரத்திய சௌந்தரபாண்டியன் சாவியையும் சேர்த்துத் துரத்திவிட்டான். நூர்னிசா கேட்ட ஒரு மணி நேரத்தில், திருடன் உள்ளே இருக்கும்போதே, எல்லாவற்றையும் திறந்த நிலையில் வெளியே எடுத்திருக்கலாம். அவர் பயந்தது அவருக்குக் காரணம் தெரியாத பயம்; ஆனால் சரியான பயம்.

இது எதுவும் அன்றைக்கு அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்திருக்க வேண்டும். மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது, அதை ஓட்டினான். அது, பூட்டிக் கிடந்ததை எல்லாம் உடைந்தது என்று எண்ணி, துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்தது. அப்புறம் வேறு வழியில்லை என்று வட்டை முழுக்கத் துடைத்து, எல்லா மென்பொருளையும் புதிதாக ஏற்றினான். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது.

"புதுசு மாதிரி ஆக்கிட்டேன்க்கா."

"புதுசுக்குள்ள என்ன தம்பி இருக்கு?"

டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அடுத்த சில நாள் நூர்னிசா ஞாபகத்திலிருந்து அடித்துப் பார்த்தார். நாற்பத்து மூன்று நெகடிவில் பத்தொன்பது பேர் வந்தார்கள். மற்றவர்களில் சிலருடைய முகம் தெரிந்தது, வாசல் தெரிந்தது, பேர் வரவில்லை. சிலர் பேர் வந்தது, எந்த குரூப் என்று வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருத் தெருவாகப் போனார். டிரெய்னிங் முடிந்த மாணவிகள் எந்த ஊருக்குப் போனார்களோ. இருந்தவர்களும் முன்போலக் கதவைத் திறக்கவில்லை. ரஹ்மத்துன்னிசா கேட்டது நூர்னிசாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்னு சொன்னியே. இப்ப இல்லேங்குற. அப்போ யாரு எடுத்துட்டுப் போனா?"

"யாரும் எடுக்கல மதினி. அழிஞ்சு போச்சு."

"பொட்டிக்குள்ள இருந்தது எப்பிடிட்டீ அழியும்? யாரு கையிலயோ இருக்கு. ஆளப் பாத்துச் சொல்லு."

எங்கேயும் இல்லை, யாரிடமும் இல்லை என்பதை எப்படிப் புரிய வைப்பது? அந்தத் தெருவில் அதன் பிறகு நூர்னிசாவிடம் யாரும் தங்கள் ரத்த வகையைச் சொல்லவில்லை.

தை மாதம் பிளவக்கல் பக்கத்திலிருந்து கருத்தப்பாண்டி என்கிற விவசாயி கடைக்கு வந்து நின்றார். அவர் மனைவி வேலுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தார். ஓ நெகடிவ் ரத்தம் வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு முஸ்லிம் அம்மாவிடம் பட்டியல் இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நூர்னிசா சங்கரன்கோவிலில் ரத்தம் கொடுத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அப்படியும் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார், டாக்டர் ஒப்பவில்லை. ஞாபகத்தில் மிஞ்சிய பத்தொன்பதில் ஓ நெகடிவ் மூன்று பேர். ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள். ஒருத்தி திருப்பூருக்குப் போய்விட்டாள். மூன்றாவது வீட்டில் பூட்டுத் தொங்கியது. மலையடிப்பட்டிப் பக்கம் இன்னொரு பெண் உண்டு என்று நூர்னிசாவுக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பெண்ணின் பேரை அவர் கையாலேயே அடித்திருந்தார். பச்சைக் கதவு வீடு என்பது வரை ஞாபகம் வந்தது. அங்கே போய் மூன்று பச்சைக் கதவைத் தட்டினார். மூன்றும் அந்த வீடில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலுத்தாயைக் காரில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

வேலுத்தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. நேரம் ஆனதால்தான் என்று சொல்ல முடியாது, குழந்தை ஏற்கெனவே சோர்ந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். நூர்னிசா பிளவக்கல்லுக்குப் போய் வேலுத்தாயைப் பார்த்துவிட்டு வந்தார். சௌந்தரபாண்டியனுக்கு இதெல்லாம் அய்யூப் சொல்லித்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மதுரை ஆபீஸில் புது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வந்தது. கூடவே விளக்கக் குறிப்பு. சௌந்தரபாண்டியன் அதை அச்செடுத்து பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தான். அந்த வைரஸின் பேரைப் போட்டு எழுதியிருந்தது: முதலில் பூட்டைத் திறக்கவும், பிறகே வைரஸை நீக்கவும். அடுத்த வரியைத்தான் அவனால் திரும்பத் திரும்பப் படிக்காமல் இருக்க முடியவில்லை. தவறுதலாக முதலிலேயே நீக்கியிருந்தாலும், வட்டில் வேறு எதையும் எழுதாமல் அப்படியே வைத்திருந்தால் மீட்டுவிடலாம். அதாவது அன்றைக்குப் பத்து நிமிடத்தில் அவன் செய்த தப்புக்குக்கூட மருந்து வரவிருந்தது. பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெட்கத்தில் செய்த தப்புக்குத்தான் மருந்து இல்லை.

கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அந்த மென்பொருளைக் கொண்டு தன் சர்வீஸ் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரண்டாவதில் அந்த வைரஸ் இருந்தது. இரண்டு ஊரிலும் அவன் கை வைத்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் நுழைந்து வந்த ஃப்ளாப்பி. அதில் எழுத முடியாதபடி மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் தள்ளிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் அவன். அவனுடையது தள்ளாமலே கிடந்தது. சிவகாசியிலிருந்து வந்ததா, இதில் வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் ராஜபாளையம் போனான். குறிப்பை நூர்னிசாவிடம் கொடுத்தான். அவர் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பாதி வரை படித்தார்.

"அப்போ அன்னைக்கு நான் கேட்ட ஒரு மணி நேரம் போதுமா இருந்திருக்குமா தம்பி?"

"அரை மணி நேரமே போதும்க்கா."

நூர்னிசா குறிப்பை மடித்து அவனிடமே கொடுத்தார். அடிக்க வேண்டிய பத்திரிகைத் தாளைச் சரியாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, விட்ட வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். ஃப்ளாப்பி விஷயத்தை அவன் சொல்லவில்லை. சொல்லத்தான் போயிருந்தான். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சௌந்தரபாண்டியன் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், முதலில் இருப்பதை எல்லாம் பிரதி எடுக்கிறான். இரண்டு பிரதி. ஒன்றைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறான். தெரியாத வைரஸ் என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தெரியாது என்கிறான். "பி.எஸ்ஸி. வந்துட்டாரு, எல்லாரும் போயி ஒரு மணி நேரம் டீ குடிச்சிட்டு வாங்க" என்று கடைக்காரர்கள் கேலி பேசுகிறார்கள். அவனும் சிரித்துவைக்கிறான்.

1998இல் நூர்னிசாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கடையநல்லூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், முதல் மனைவியை இழந்தவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே தன் ரத்த வகையைச் சொல்லிவிட்டார் நூர்னிசா. ஊரைவிட்டுப் போகுமுன் அந்தப் பத்தொன்பது பேரில் இருந்தவர்களை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த வடகத்தையும் அவர் கையாலேயே அழித்தார். அய்யூப் தடுத்தாராம். "என்னால காப்பாத்த முடியாததை இன்னொருத்தர் கையில எப்பிடி மாமா குடுக்க?" என்றாராம்.

இது 1999. நூர்னிசா கடையநல்லூரில் இருக்கிறார். ஒரு மெட்ரிக் பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் அடிக்கிறார். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். பட்டியல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.